ரேஸ் சைக்கிள் வாங்கும் முன் காலை அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ரேஸ் சைக்கிள் வாங்கும் இளைஞர்கள் பெருகி வருவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியை மகிழ்ச்சியோடு படித்தேன். விடியற்காலையில் கிருஷ்ணகிரி அணைக்குப் போகும் சாலையிலும், பாலக்கோடு – இராயக்கோட்டை வழியிலும், பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் காட்டுச் சாலையிலும் ஹெல்மெட் அணிந்து வரிசையாகச் செல்லும் பிள்ளைகளை இப்போது யாரும் காணலாம். ஆனால் அச்செய்தியில் எந்த பிராண்டு, என்ன விலை, எத்தனை கிலோ எடை என்பதெல்லாம் விரிவாக இருந்ததே தவிர, வாங்குகிறவருடைய உடம்புக்கு அந்த சைக்கிள் பொருந்துமா என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் பிரிவுப் பயிற்றுநராக நெடுங்காலம் பணியாற்றியவன், இன்றும் தவறாமல் சைக்கிள் ஓட்டுகிறவன் என்ற முறையில், விடுபட்ட அந்தச் செய்தியைத் தங்கள் வாசகர்களுக்கு எழுத விரும்புகிறேன்.

ஆண்டுதோறும் அறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்ட அளவில் மாணவ மாணவியருக்கு நடத்தப்படும் மிதிவண்டிப் போட்டி, கியர் இல்லாத சாதாரண சைக்கிளில்தான் நடக்கிறது. அதில் பரிசு பெற்ற பிள்ளை அடுத்து ரேஸ் சைக்கிள் கேட்பது இயல்பு. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் அந்த வகை இருப்பில் இருப்பதில்லை. ஆகவே பெற்றோர் ஓசூரைத் தாண்டி பெங்களூருக்கோ, தொப்பூர் இறங்கி சேலத்துக்கோ போகிறார்கள். கடைக்காரர் பையனுடைய உயரத்தைக் கேட்கிறார், சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்க்கிறார், “இவருக்கு ஐம்பத்து நான்கு அளவு பிரேம் சரியாக இருக்கும்” என்கிறார். மாங்காய் விற்ற பணமோ நகை வைத்து வாங்கிய பணமோ கைமாறி விடுகிறது. சீட்டை எவ்வளவு ஏற்றுவது, ஹேண்டில் பார் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று எதையும் அளக்காமலேயே வண்டி ஊர் வந்து சேர்கிறது. இதில் கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள் வந்தால் அவரும் அளப்பார்.

உயரம் ஒன்றை மட்டும் வைத்து ஏன் பிரேம் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். ஒருவருக்கும் அவர் தம்பிக்கும் உயரம் 170 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அண்ணனுக்குக் கால் நீளம், உடம்பு குட்டை. அவருடைய உட்கால் அளவு, அதாவது கால்கள் கூடும் இடத்திலிருந்து தரை வரை உள்ள நீளம், 82 சென்டிமீட்டர். தம்பிக்குக் கால் குட்டை, உடம்பு நீளம். உட்கால் அளவு 77. சீட்டின் உயரத்தைக் கணக்கிட உலகெங்கும் பரவலாகப் பயன்படும் முறை, உட்கால் அளவை 0.883 ஆல் பெருக்குவது. பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமார் வழியாக வந்த இம்முறையை, தூர் த பிரான்ஸ் பந்தயத்தை 1986, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் வென்ற அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் பரவலாக்கினார். அதன்படி அண்ணனுக்குச் சீட்டு 72.4 சென்டிமீட்டர் உயரத்திலும், தம்பிக்கு 68 சென்டிமீட்டர் உயரத்திலும் இருக்க வேண்டும். நான்கு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு! அதோடு, உடம்பு நீண்ட தம்பிக்கு ஹேண்டில் பார் சற்றுத் தள்ளியும், கால் நீண்ட அண்ணனுக்கு ஹேண்டில் பார் சற்று உயர்ந்தும் இருந்தால்தான் முதுகும் கழுத்தும் தாங்கும். சுவர் அட்டவணை இருவருக்கும் ஒரே பிரேமைத்தான் காட்டும்.

உட்கால் அளவை வீட்டிலேயே எடுக்கலாம். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, பாதங்களை ஓரடி அகலத்துக்கு விரித்து, கெட்டி அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றின் முதுகு மேல்நோக்கி இருக்குமாறு கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவு அழுத்தமாக மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். புத்தகத்தின் மற்றொரு விளிம்பு சுவரோடு முழுமையாகப் பொருந்தியிருந்தால்தான் அது மட்டமாக இருக்கிறது என்று பொருள். இன்னொருவர் புத்தகத்தின் மேல் விளிம்பைச் சுவரில் பென்சிலால் குறித்து, தரையிலிருந்து டேப்பால் அளக்க வேண்டும். பேன்ட் தைக்கக் கொடுக்கும் அளவை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது பல சென்டிமீட்டர் குறைவாக இருக்கும். கணக்கில் வரும் சீட்டு உயரத்தை, பெடலைத் தாங்கும் கையான கிராங்க் சுழலும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) ஆக்சிலின் நடுப்புள்ளியிலிருந்து சீட்டுக் குழாயின் சாய்வை ஒட்டியே சீட்டின் மேற்பரப்பு வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் பிசகிவிடும். சரிபார்க்கவும் எளிய வழி உண்டு. சைக்கிளைச் சுவரோரம் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. பிறகு வழக்கம்போல் முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் தேவையான அளவு மடிந்திருக்கும்.

ஆனால் சீட்டு உயரம் பிரேமைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பாதிதான். சீட்டுக் கம்பியை ஏற்றலாம், இறக்கலாம். ஹேண்டில் பார் எங்கே இருக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது பிரேம். முன்பு பிரேமின் மேல்குழாய் தரைக்கு இணையாக இருந்தவரை, சீட்டுக் குழாயின் நீளத்தை வைத்து 52, 54, 56 என்று சொல்வதில் ஓரளவு பொருள் இருந்தது. 1990களின் பிற்பகுதியிலிருந்து மேல்குழாய் பின்னோக்கிச் சரியும் வடிவம் பரவியபின், அந்த எண் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொன்றாகிவிட்டது. ஒருவருடைய 54 இன்னொருவருடைய 52 ஆகவோ மீடியமாகவோ இருக்கலாம். எனவே இப்போது பார்க்க வேண்டியவை ஸ்டேக், ரீச் என்னும் இரண்டு அளவுகள். பி.பி. நடுப்புள்ளியிலிருந்து, ஹேண்டில் பார் பொருந்தும் முன்குழாயின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டேக். அதே புள்ளியிலிருந்து அது எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாடலுக்கும் இவற்றை மில்லிமீட்டரில் வெளியிடுகிறது. ஸ்டேக் கூடுதலாகவும் ரீச் குறைவாகவும் உள்ள பிரேம் நெடுந்தூரம் நிமிர்ந்து ஓட்டுவதற்கு. ஸ்டேக் குறைந்து ரீச் கூடிய பிரேம் குனிந்து பந்தயம் ஓட்டுவதற்கு. புதிதாக ஓட்டத் தொடங்குகிற நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு முதல் வகைதான் ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

அட்டவணை கிடைக்காத பழைய வண்டியிலும் இதை அளந்துவிடலாம். கொத்தனாரிடம் இருக்கும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் போதும். மட்டமான சிமெண்ட் தரையில் சைக்கிளை நேராக நிறுத்தி, முன்குழாயின் உச்சி நடுவிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அந்த நூலுக்கும் பி.பி. ஆக்சிலின் நடுவுக்கும் உள்ள கிடைத்தூரத்தை ஸ்டீல் ஸ்கேலால் அளந்தால் ரீச் கிடைக்கும். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் புத்தம்புது சைக்கிளோடு வந்து, அரை மணி நேரம் ஓட்டினால் இரண்டு கைகளின் சுண்டுவிரலும் மரத்துப்போகிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது என்றார். பார்த்த மாத்திரத்தில் ஒன்று புரிந்தது: கடையில் சீட்டை அதன் தண்டவாளத்தில் எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, ஹேண்டில் பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மையும் மிகக் குட்டையாக மாற்றிப் போட்டிருந்தார்கள். பிரேம் அவருக்கு நீளம் என்பதை மறைக்கச் செய்த ஏற்பாடு அது. தூக்குக்குண்டு கட்டி அளந்தபோது, அவருடைய உடம்புக்கு வேண்டியதைவிட ரீச் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கூடுதலாக இருந்தது. சீட்டை முன்னால் தள்ளியதால் கையின் நீட்சி குறைந்தாலும், உடலின் எடை முழுவதும் உள்ளங்கையில் இறங்கி, நரம்பு அழுந்தி விரல் மரத்துப்போயிற்று. முழங்காலும் பெடலுக்கு வெகு முன்னால் போய்விட்டது. ஒரு சென்டிமீட்டர் வேறுபாட்டை ஸ்டெம் மாற்றிச் சரிசெய்யலாம். அதற்கு மேல் போனால் பிரேமே தவறு. ரேஸ் சைக்கிளில் 80 மில்லிமீட்டருக்கும் குட்டையான ஸ்டெம் போட்டால்தான் கை எட்டுகிறது என்றால், அதைவிடச் சிறிய பிரேமைக் கேட்டு வாங்குவதே நல்லது.

பெற்றோருக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வளர்கிற பிள்ளை என்று பள்ளிச் சீருடையைக் கொஞ்சம் பெரிதாகத் தைப்பதுபோல் சைக்கிளையும் ஒரு அளவு பெரிதாக எடுக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. சீருடை பெரிதாக இருந்தால் யாருக்கும் அடிபடாது. பிரேம் பெரிதாக இருந்தால், பிரேக் லீவரை விரல் முழுமையாக எட்டாமல், தொப்பூர் கணவாய் போன்ற இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே பிள்ளை தடுமாற நேரும். இரண்டு அளவுகளுக்கு இடையில் ஊசலாடும் நிலை வந்தால் சிறியதை எடுங்கள். சிறிய பிரேமில் சீட்டுக் கம்பியை ஏற்றவும் ஸ்டெம்மை நீட்டவும் இடமுண்டு, பெரிய பிரேமைச் சுருக்க வழியில்லை. சீட்டுக் கம்பியில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச நுழைவுக் கோட்டை மட்டும் மீறக் கூடாது.

உயரம் குறைந்தவர்களும் பெண்களும் இன்னொரு தொல்லைக்கு ஆளாகிறார்கள். பிரேம் சிறிதானாலும் கிராங்கின் நீளம் பெரும்பாலும் அதே 170 மில்லிமீட்டரிலேயே வருகிறது. குட்டைக் கால்களுக்கு 165 கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் மடிப்பு குறையும். ஹேண்டில் பாரின் அகலமும் தோள்பட்டை எலும்புகளுக்கு இடையேயுள்ள தூரத்தை ஒட்டி இருக்க வேண்டும். மிகச் சிறிய பிரேம்களில் முன்சக்கரம் திரும்பும்போது கால் விரல் டயரில் உரசுகிறதா என்பதைக் கடை வாசலிலேயே மெதுவாக ஓட்டித் திரும்பிப் பார்த்துவிட வேண்டும்.

பிரேம் அமைந்தபின் நம் இரண்டு மாவட்டங்களுக்கென்றே முக்கியமானது கியர். சென்னையிலோ தஞ்சாவூரிலோ ஓட்டுகிறவருக்கு இது பெரிய கவலை இல்லை. நமக்கோ வத்தல்மலை இருக்கிறது, ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் திரும்பும் ஏற்றம் இருக்கிறது, அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டைக்கு ஏறும் மலைப்பாதை இருக்கிறது. சமவெளிபோல் தோன்றும் கிருஷ்ணகிரி – ஓசூர் சாலைகூட சுமார் ஐம்பது கிலோமீட்டரில் நானூறு மீட்டர் அளவுக்கு ஏறுகிறது. ஆடி மாதத்து எதிர்க்காற்றும் சேர்ந்தால் அதன் அருமை தெரியும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி, “முன்னால் சிறிய பல்சக்கரத்துக்கு எத்தனை பல், பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு எத்தனை பல்?” என்பதே. இப்போதைய ரேஸ் சைக்கிள்களில் முன்னால் 50, 34 பல் கொண்ட இரட்டைச் சக்கரம் பரவலாக வருகிறது. பின்னால் கேசட் எனப்படும் பல்சக்கரத் தொகுப்பில் பெரியது 28 பல்லாக இருந்தால், மிக இலகுவான கியரில் பெடல் ஒரு சுற்று சுற்ற வண்டி சுமார் இரண்டரை மீட்டர் போகும். 34 பல்லாக இருந்தால் சுமார் 2.1 மீட்டர் போகும். நிமிடத்துக்கு எழுபது சுற்று என்ற அளவில் மிதித்தால், முதலாவதில் மணிக்கு 10.7 கிலோமீட்டர் வேகத்திலும், இரண்டாவதில் 8.8 கிலோமீட்டர் வேகத்திலும் ஏற்றம் ஏறுவோம். அதே சுற்றைத் தக்கவைக்க, 28 பல்லில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் வலுவைக் கால் கொடுத்தாக வேண்டும். கொடுக்க முடியாதபோது சுற்று குறைகிறது, முழங்கால் திணறுகிறது, கொண்டை ஊசி வளைவில் இறங்கித் தள்ள வேண்டியதாகிறது. பழகிய வீரருக்கு 28 போதும். நம் மலைகளில் முதல் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு 32 அல்லது 34 வேண்டும். வேகம் குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை; 50 பல்லும் பின்னால் 11 பல்லும் இணைந்தால், நிமிடத்துக்குத் தொண்ணூறு சுற்றில் வண்டி மணிக்கு ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டும். அதற்கு மேல் நம் சாலைகளில் யாருக்கும் தேவையில்லை.

கடைகளில் இந்தக் கேள்விக்குப் பதிலாக, கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105 என்று ஷிமானோ நிறுவனத்தின் கியர் வரிசையைத்தான் சொல்வார்கள். கிளாரிஸில் பின்னால் எட்டுப் பல்சக்கரங்கள், சோராவில் ஒன்பது, டியாக்ராவில் பத்து, புதிய 105 இல் பன்னிரண்டு. படிக்குப் படி கியர் மாறுவது மென்மையாகிறது, எடை குறைகிறது, விலை ஏறுகிறது. ஆனால் ஏற்றத்தில் காலைக் காப்பது பல்சக்கரங்களின் எண்ணிக்கை அல்ல, பெரிய பல்சக்கரத்தின் அளவுதான். 34 பல் கேசட் போட்ட கிளாரிஸ் வண்டி, 28 பல் கேசட் போட்ட 105 வண்டியைவிட வத்தல்மலையில் எளிதாக ஏறும். எட்டு, ஒன்பது சக்கரங்களுக்கான செயினும் கேசட்டும் விலை குறைவு, நீடித்து உழைப்பவை. பின்னாளில் பெரிய கேசட் போட நினைத்தால், பின்பக்க கியர் மாற்றியில் சிறு சக்கரங்களைத் தாங்கும் கூண்டு அதற்கு ஏற்ற நீளமுடையதா என்பதை வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

செயின் தேய்மானத்தைப் பார்ப்பதற்குத் தனிக் கருவி இல்லையென்றாலும் அங்குல ஸ்கேல் ஒன்று போதும். புதிய செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து, அதற்கு அடுத்ததை ஒன்று என எண்ணி, இருபத்து நான்காவது பின்னின் நடு வரை மிகச் சரியாகப் பன்னிரண்டு அங்குலம் இருக்கும். அது அரை நூல், அதாவது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளிப்போனால் செயினை மாற்றிவிட வேண்டும். ஒரு நூல் தள்ளிப்போகும்வரை விட்டால், செயினோடு கேசட்டையும் மாற்ற நேரும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு செய்தி உண்டு. தை, மாசி மாதங்களில் கேழ்வரகுத் தாளையும் கொள்ளுச் செடியையும் வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று உழவர்கள் சாலையில் பரப்பியிருப்பார்கள். சாதாரண சைக்கிள் அதன்மேல் ஏறிப் போய்விடும். ரேஸ் சைக்கிளில் ஒரு கொள்ளுத் தண்டு செயினோடு சேர்ந்து பின்பக்க கியர் மாற்றியின் சிறு சக்கரங்களுக்குள் போனால், அது சுருண்டு சிக்கி, மாற்றியைப் பின்னோக்கி இழுத்து, அதைப் பிரேமோடு பிணைக்கும் ஹேங்கர் என்ற சிறு அலுமினியத் துண்டை வளைத்துவிடும், சில வேளைகளில் ஒடித்தும் விடும். பிரேமைக் காப்பதற்காக முதலில் ஒடியுமாறு செய்யப்பட்ட பாகம் அது. ஒவ்வொரு பிரேமுக்கும் ஹேங்கர் வெவ்வேறு வடிவம். ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. வண்டி வாங்கும் அன்றே அதே மாடலுக்கான ஹேங்கர் ஒன்றைக் கூடுதலாக வாங்கி சீட்டுப் பையில் போட்டு வைக்க வேண்டும். தாள் கிடக்கும் இடத்தில் மிதிப்பதை நிறுத்தி உருண்டு போக வேண்டும், அல்லது இறங்கித் தூக்கிக் கடக்க வேண்டும். உழவரோடு சண்டைக்குப் போகக் கூடாது.

டயர் குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெல்லிய டயரில் காற்றை இறுக அடித்தால்தான் வேகம் வரும் என்ற எண்ணம் வழவழப்பான ஓடுதளத்துக்குப் பொருந்தலாம். ஜல்லி பெயர்ந்த ஊராட்சிச் சாலையில் இறுகிய டயர் துள்ளுவதிலேயே வேகத்தை இழக்கும். 28 மில்லிமீட்டர் டயர் தாராளமாக நுழைய வேண்டும், 32 நுழைந்தால் மிக நன்று. பிரேமிலும், முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கிலும் அதற்கான இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், பிறகு அதை உண்டாக்க முடியாது. சாலையோரத்து நெருஞ்சி முள்ளுக்கும் கருவேல முள்ளுக்கும் பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள டயர் தேவை. ரேஸ் சைக்கிளின் ஒல்லியான பிரெஸ்டா வால்வு, நம் பஞ்சர் கடைக் கம்ப்ரசரின் வாய்க்குப் பொருந்தாது. அதற்கான சிறு பித்தளை அடாப்டரை வால்விலேயே மாட்டி வைத்துக்கொள்ளலாம். சக்கரத்தில் 28 அல்லது 32 கம்பிகள் இருந்தால், பெண்டு எடுக்கும் கைத்திறன் உள்ள நம் ஊர் மெக்கானிக்கே கோட்டத்தைச் சரிசெய்து விடுவார். அழகுக்காகக் கம்பியைக் குறைத்த சக்கரத்தில் ஒரு கம்பி அறுந்தால் பெங்களூரு பஸ் ஏற வேண்டியதுதான்.

பிரேக்கில் டிஸ்க் வகையையே நான் பரிந்துரைப்பேன். நீண்ட இறக்கத்தில் பிரேக் கட்டை ரிம்மை உரசி உரசி உண்டாகும் சூடு, டியூப் வரை போகும். மழையில் ரிம் நனைந்தால் பிடிப்பும் தாமதமாகும். டிஸ்க்கிலும் கேபிளால் இயங்குவது எந்த ஊரிலும் பழுது பார்க்க எளிது. ஆயிலால் இயங்குவது இன்னும் குறைந்த விரல் அழுத்தத்தில் நிறுத்தும், ஆனால் ஒரு எச்சரிக்கை தேவை: ஷிமானோ பிரேக்கில் இருப்பது மினரல் ஆயில். டூவீலர் மெக்கானிக் கடையில் கிடைக்கும் டாட் பிரேக் ஆயிலை அதில் ஊற்றினால் உள்ளேயிருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டு, பிரேக் செயலிழக்கும்.

பிரேம் எந்தப் பொருளில் என்ற கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பது வேண்டுமென்றேதான். நடுத்தர விலையில் கிடைக்கும் அலுமினிய பிரேமும் கார்பன் போர்க்கும் சேர்ந்த வண்டி, நம் தேவைக்கு முழுக்கப் போதுமானது. இங்கே ஒன்றை என் தொழில் சார்ந்து அழுத்திச் சொல்ல வேண்டும். 6061 வகை அலுமினியத்தை வெல்டு செய்தபின் சூளையில் வைத்துப் பதப்படுத்தித்தான் அதற்கு முழு உறுதியைத் தருகிறார்கள். விரிசல் விட்ட அலுமினிய பிரேமை உள்ளூர்ப் பட்டறையில் வெல்டு வைத்தால், ஒட்டு அழகாகத் தெரியும். அதையொட்டிய பகுதி பதமிழந்து மென்மையாகி, அடுத்த இறக்கத்தில் முன்னறிவிப்பின்றி உடையலாம். குரோம்–மாலிப்டினம் ஸ்டீல் பிரேம் சற்று எடை கூடியது, ஆனால் தேர்ந்த கையால் பழுது பார்க்கத்தக்கது. பெங்களூரில் பழைய கார்பன் சைக்கிள்கள் மலிவாக விற்பனைக்கு வருகின்றன. அவற்றை வாங்குகிறவர்கள், பெயிண்டில் மயிரிழைக் கோடு எங்காவது தெரிகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்த்து, ஒரு நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டிக் கேட்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஓசை மந்தமாகக் கேட்டால் விலகிவிடுவது நல்லது. கார்பன் பாகங்களை, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சு இல்லாமல் முறுக்கவே கூடாது. பாகத்தின்மேல் பெரும்பாலும் 5 நியூட்டன்–மீட்டர் போன்ற வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். வெறும் அலன் கீயால் கைவலு தெரியாமல் முறுக்கினால் நார் நொறுங்கிவிடும். எந்தப் பிரேமானாலும், பி.பி. மரையால் பூட்டப்படுவதாக இருந்தால் நல்லது. அழுத்திப் பொருத்தும் வகை தூசி புகுந்தால் கிறீச்சிடும், கழற்றவும் தனிக் கருவி வேண்டும்.

எடையைப் பற்றிய மயக்கத்துக்கும் கணக்கே மருந்து. சர்வதேச சைக்கிள் சங்கம் 2000ஆம் ஆண்டிலிருந்து பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதித்திருக்கிறது; உலக வீரர்களுக்கே அதுதான் வரம்பு. 75 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ சைக்கிளில் மலை ஏறுகிறார் என்றால், மொத்தம் 85 கிலோ. பெருந்தொகை கூடுதலாகக் கொடுத்து 2 கிலோவைக் குறைத்தால், நூற்றுக்கு இரண்டைச் சற்றுத் தாண்டிய குறைவுதான். அரை மணி நேர ஏற்றத்தில் ஏறத்தாழ நாற்பது விநாடி மிச்சம். அந்தத் தொகையில் ஒரு பங்கை, வாங்குவதற்கு முன் உடலை முறையாக அளந்து சொல்லும் ஒருவரிடம் கொடுத்தால், ஆண்டுக்கணக்கில் வலியின்றி ஓட்டலாம். இருநூறு கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பிரெவே நெடும்பயண ஓட்டங்களில் பலர் பாதியில் நிற்பது, வண்டியின் எடையைவிடக் கை, கழுத்து, முழங்கால் வலியாலேயே என்பது என் கருத்து.

இந்நிலையில் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி நகரங்களிலும் ஓசூரிலும் உள்ள சைக்கிள் கடைக்காரர்கள், ரேஸ் சைக்கிளை இருப்பு வைக்க முடியாவிட்டாலும், உட்கால் அளவு எடுக்கும் எளிய மரச்சட்டம் ஒன்றையும் நிறுவனங்களின் ஸ்டேக், ரீச் அட்டவணைகளையும் வைத்து, சிறு கட்டணத்துக்கு அளந்து எழுதிக் கொடுக்கலாம். அந்த அளவுக் குறிப்போடு போகிற பெற்றோர் வெளியூர்க் கடையில் ஏமாற மாட்டார்கள். பிற்பாடு செயினுக்கும் டயருக்கும் இந்தக் கடைக்கே வருவார்கள். அடுத்து, இரு மாவட்ட விளையாட்டு அலுவலகங்களும் அண்ணா மிதிவண்டிப் போட்டி நடைபெறும் நாளில், போட்டி முடியும் இடத்திலேயே ஒரு மேசை போட்டு, பங்கேற்கும் பிள்ளைகளின் உட்கால் அளவையும் தோள் அகலத்தையும் எடுத்து, சான்றிதழோடு ஒரு அட்டையில் எழுதிக் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்குத் தேவையானது டேப்பும், நோட்டுப் புத்தகமும், பொறுமையுள்ள இரண்டு உடற்கல்வி ஆசிரியர்களும்தான். அழைத்தால் நானும் தூக்குக்குண்டோடு வரத் தயாராக இருக்கிறேன்.

வாங்குகிறவர்கள் பில்லில், பிரேமின் அடியில் பி.பி.க்குக் கீழே பொறித்திருக்கும் வரிசை எண்ணையும், பிரேம் அளவு, கிராங்க் நீளம், கேசட்டின் பல் எண்ணிக்கை ஆகியவற்றையும் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். வண்டி திருடு போனால் காவல் நிலையத்திலும், பாகம் மாற்றும்போது கடையிலும் அந்த பில்லே பேசும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தருமபுரி.